அங்காடியும் அக்கம்பக்கமும்

அங்காடி என்னும் சொல் தமிழில் மிகப் பழமையானது. பகலில் கூடுவதை நாளங்காடி என்றும், மாலைக்குப் பின் கூடுவதை அல்லங்காடி என்றும் நம் முன்னோர் பிரித்து வழங்கினர். சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்தின் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். பரதவரும் கைத்தொழிலாளரும் பிற நாட்டாரும் வாழ்ந்த மருவூர்ப்பாக்கம் ஒருபுறம். அரசர் வீதியும் பெருவணிகர் வீதியும் அமைந்த பட்டினப்பாக்கம் மற்றொருபுறம். இவ்விரண்டுக்கும் நடுவே, மரங்கள் அடர்ந்த வெளியிலே, நாளங்காடி இருந்தது. இந்த இருப்பிடத்தில் ஒரு கருத்து அடங்கியிருக்கிறது. அங்காடி இரு திறத்தாருக்கும் பொது. அது விற்பவனுக்கு மட்டும் உரியதன்று. வாங்குவோனுக்கும், அவ்வழியே நடப்போனுக்கும், அதன் நிழலில் ஒதுங்குவோனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

இக்காலத்தில் நம் நகரங்களில் பழைய சந்தைகளும் பழைய மளிகைக் கடைகளும் இடிக்கப்பட்டுப் புதிய கட்டடங்கள் எழுகின்றன. அவ்வாறு எழும்போது, அந்தப் பொதுப் பங்குக்கு உரியவர்களாகிய அக்கம்பக்கத்தாரின் சொல்லுக்கு இடம் உண்டா? இடம் உண்டென்றால், அச்சொல் எப்போது, எவ்வாறு சொல்லப்பட வேண்டும்? இவ்விரு வினாக்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் நம் தூத்துக்குடியை எடுத்துக்கொள்வோம். இவ்வூரில் ஒரு தெருமுனைக் கடை செய்யும் வேலை வெளியூரார் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. நம் மக்களுட் பலர் மாதச் சம்பளத்தை நம்பி வாழ்பவர் அல்லர். கடலுக்குச் செல்பவரின் வருவாய் வலையில் படுவதைப் பொறுத்தது. உப்பளத் தொழிலாளியின் வருவாய் வெயிலைப் பொறுத்தது. மழை பெய்தால் அளத்தில் வேலை இல்லை. தோணித் துறையில் சுமை ஏற்றுபவரின் கூலி, அன்று சரக்கு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன் இனம் பெருகுவதற்காக ஏற்பட்ட நல்ல தடை அது. ஆயினும் அந்த இரண்டு மாதங்களும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! அப்போது அரிசியும் பருப்பும் எண்ணெயும் தருவது யார்? தெருமுனை மளிகைக் கடைக்காரரின் பற்றுவரவு நோட்டுத்தான். கால் கிலோ துவரம் பருப்பு, பத்து ரூபாய்க்கு எண்ணெய், இரண்டு முட்டை என்று சிறுகச் சிறுகக் கொடுத்து, தடை நீங்கிப் படகு திரும்பியதும் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் அந்த ஏற்பாட்டை, குளிர்சாதனம் பொருத்திய பெரிய கடை எதுவும் இதுவரை செய்ததில்லை. அதற்கு முகம் தெரிய வேண்டும். குடும்பம் தெரிய வேண்டும்.

பெரிய சந்தையின் செய்தியும் இத்தகையதே. வ.உ.சி. மார்க்கெட், காமராஜர் காய்கனி மார்க்கெட் போன்றவற்றில் உள்ளே கடை வைத்திருப்பவர்கள் ஒரு பங்கினர். வாயிலிலும் சுவரோரத்திலும் சாக்கை விரித்துக் கீரையும் முருங்கைக்காயும் கருவாடும் விற்பவர்கள் மற்றொரு பங்கினர். பின்னவருட் பெரும்பாலோர் பெண்கள். வயது முதிர்ந்தவர்களும் அவர்களுள் உண்டு. சந்தையின் வரைபடத்தில் இவர்களுக்குக் கட்டம் கிடையாது. குத்தகைப் பேரேட்டில் பெயரும் கிடையாது. ஆனால் சந்தைக்கு வருவோருட் பலர் இவர்களிடம் வாங்கவே வருகின்றனர்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். பழைய கட்டடத்தை அப்படியே வைத்துப் பூசிக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. ஓடு ஒழுகும், சாக்கடை அடைத்துக்கொள்ளும், மின்கம்பிகள் தாறுமாறாகத் தொங்கும், தீயணைக்கும் வண்டி நுழைய வழி இராது. பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லாத சந்தையைப் பழைமையின் பெயரால் போற்றுவது அறமாகாது. ஆகவே, புதுப்பித்தல் வேண்டற்பாலதே. 2017 ஜூன் மாதம் தூத்துக்குடி சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2025 மார்ச்சில் அத்திட்டம் முடிவுறும் வரை நம் ஊரில் சாலைகளும் பேருந்து நிலையமும் பிறவும் புதுமுகம் பெற்றதைக் கண்டோம். இனியும் பல இடங்கள் மாறும். எனவே மாறலாமா என்ற கேள்விக்கு இப்போது வேலை இல்லை. யாரைக் கேட்டு மாற்றுவது என்பதே நம் முன் நிற்கும் கேள்வி.

இதற்கு விடை காண, வேறு ஊர்களில் நடந்த நான்கு நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

முதலாவது, சென்னை மூர் மார்க்கெட். 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தச் செங்கட்டடம் பழைய புத்தகத்திலிருந்து பறவை வரை விற்ற இடம். சென்ட்ரல் ரயில் நிலையத்தை விரிவாக்க அந்த இடம் தேவை என்ற பேச்சு எழுந்திருந்தது. வணிகர்களும் நகர மக்களும் ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்பே, 1985-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் தீ அதைத் தின்றுவிட்டது. வணிகர்களுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கிடைத்தது. ஆனால் பழைய கூட்டம் அங்கே திரும்பவில்லை. இதிலிருந்து நாம் அறிவது யாது? ஒரு சந்தையின் வருங்காலத்தைப் பற்றி ஊர் பேசாமல் காலம் கடத்தினால், தீயோ வெள்ளமோ வந்து ஊருக்காக முடிவு செய்துவிடும்.

இரண்டாவது, திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட். நகரின் நடுவே நெரிசல் மிகுந்த இடம் அது. லாரிகள் நுழைவதால் ஊரே மூச்சுத் திணறுகிறது என்று கருதிய அரசு, மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் ஏறத்தாழ 77 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு பெரிய வளாகத்தைக் கட்டி, 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் திறந்தது. நோக்கம் நல்லது; கட்டடமும் புதியது. ஆனால் வணிகர்கள் செல்ல மறுத்துவிட்டனர். தொலைவு மிகுதி என்றனர். கடைகள் சிறியவை என்றனர். 2020-இல் பெருந்தொற்றின்போது மூடப்பட்ட காந்தி மார்க்கெட், அவ்வாண்டின் இறுதியில் பழைய இடத்திலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இதில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று கணக்கிட்டால், வென்றவர் ஒருவரும் இல்லை. பொதுப்பணம் செங்கல்லாகி நின்றது, நெரிசலும் நின்றது. கடை எவ்வளவு அகலம் வேண்டும், வாங்குபவர் எதில் ஏறி வருவார், சுமை தூக்குபவர் எங்கே குடியிருக்கிறார் என்னும் எளிய கேள்விகளைக் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே உரியவர்களிடம் கேட்டு, விடையின்படி வரைபடத்தைத் திருத்தியிருந்தால் இந்த நிலை வந்திராது.

மூன்றாவது எடுத்துக்காட்டுக்குக் கடல் கடந்து லண்டன் செல்ல வேண்டும். அங்கே கோவன்ட் கார்டன் என்னும் காய்கனி, மலர்ச் சந்தை முந்நூறு ஆண்டுகளாக நகரின் நடுவே இருந்தது. சந்தையை நகருக்கு வெளியே மாற்றிவிட்டு, சுற்றிலும் உள்ள பழைய கட்டடங்களைப் பெருமளவில் இடித்து, அகலச் சாலைகளும் அலுவலகங்களும் விடுதிகளும் கட்டுவதென நகர நிருவாகம் 1968-இல் திட்டம் வகுத்தது. அப்பகுதியில் குடியிருந்த சாதாரண மக்கள் 1971-இல் ஒரு சங்கம் கண்டனர். பொது விசாரணையில் தங்கள் வழக்கை எடுத்துரைத்தனர். 1973 ஜனவரியில் அமைச்சர் ஜெஃப்ரி ரிப்பன் ஏறத்தாழ 250 கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்டவை என அறிவித்தார். பெரும் இடிப்புத் திட்டம் கைவிடப்பட்டது. குடியிருப்போர் பெற்ற பெருவெற்றி இது. ஆயினும் 1974-இல் காய்கனி வணிகம் நைன் எல்ம்ஸ் என்ற இடத்துக்குப் போய்விட்டது. பழைய சந்தைக் கட்டடம் 1980-இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, அங்கே உல்லாசப் பயணிகளுக்கான கடைகளும் சிற்றுண்டிச் சாலைகளுமே இடம் பெற்றன. கட்டடம் பிழைத்தது, அதனுள் இருந்த முட்டைக்கோசு போய்விட்டது. சுவரைக் காப்பது வேறு, சுவருக்குள் நடக்கும் வாழ்வைக் காப்பது வேறு என்பதை இதனால் உணர்கிறோம்.

நான்காவது, அமெரிக்காவில் நம் ஊரைப் போன்றே துறைமுக நகரமாகிய சியாட்டில். அங்குள்ள பைக் பிளேஸ் சந்தை பிறந்த கதையே சுவையானது. இடைத்தரகரால் வெங்காய விலை பன்மடங்கு ஏறியதென மக்கள் குமுறினர். உழவரே நேரில் விற்கட்டும் என்று நகர மன்றம் 1907 ஆகஸ்டில் ஓர் இடம் ஒதுக்கியது. அதுவே சந்தையாயிற்று. 1963-இல் அதை இடித்து விடுதிகளும் அலுவலகங்களும் வண்டி நிறுத்தும் இடமும் கட்டத் திட்டம் வந்தது. விக்டர் ஸ்டைன்புரூக் என்னும் கட்டடக்கலைப் பேராசிரியரும் அவருடன் சேர்ந்த ஊர்மக்களும் சந்தை நண்பர்கள் என்ற பெயரில் ஓர் அமைப்பாகத் திரண்டனர். கையெழுத்துத் திரட்டிப் பொதுவாக்கெடுப்புக் கோரினர். 1971 நவம்பர் 2-ஆம் நாள் நகர மக்களுட் பெரும்பான்மையோர் சந்தையைக் காக்க வாக்களித்தனர். ஏழு ஏக்கர் அளவான பகுதி வரலாற்று வட்டாரமாக அறிவிக்கப்பட்டது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது வாக்கெடுப்புக்குப் பின் அவர்கள் செய்த வேலையை. வெற்றி கிட்டியது என்று வீட்டுக்குப் போய்விடவில்லை. கட்டடத்தின் தோற்றத்தை மட்டுமன்றி, அங்கே எந்தத் தொழில் நடக்கலாம் என்பதையும் முடிவு செய்யும் ஒரு குழு அமைந்தது. அதில் வணிகருக்கும் குடியிருப்போருக்கும் இடம் உண்டு. 1973-இல் சந்தையை நடத்துவதற்கென்றே ஒரு பொது நிறுவனம் ஏற்பட்டது. சீர்குலைந்த கட்டடங்கள் செப்பனிடப்பட்டன. குறைந்த வருவாயுள்ள முதியோர்க்கு அங்கேயே குடியிருப்புகள் அமைந்தன. மருத்துவ நிலையமும் அமைந்தது. உழவர் இன்றும் அங்கே விற்கின்றனர். வேண்டாம் என்று சொன்னதோடு நில்லாமல், என்ன வேண்டும் என்றும் சொன்னார்கள். அதை நடத்தும் பொறுப்பிலும் பங்கு கொண்டார்கள். அவர்கள் வெற்றி நிலைத்ததற்குக் காரணம் இதுவே.

நேயர்களே, இந்நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நியதி விளங்குகிறது. அக்கம்பக்கத்தாரின் சொல்லுக்கு வலிமை தருவன மூன்று: அது காலத்தில் சொல்லப்பட வேண்டும், கணக்கோடு சொல்லப்பட வேண்டும், எல்லாருக்காகவும் சொல்லப்பட வேண்டும்.

காலத்தைப் பற்றி முதலில் பேசுவோம். வரைபடம் மேசைமீது இருக்கும்போது அதைத் திருத்த ஓர் அழிப்பான் போதும். ஒப்பந்தம் கையெழுத்தான பின் திருத்த நீதிமன்றம் வேண்டும். கட்டடம் எழுந்த பின் எதனாலும் திருத்த முடியாது. நம்மவர் பெரும்பாலும் இடிக்கும் இயந்திரம் வாயிலில் வந்து நிற்கும்போதுதான் விழித்துக்கொள்கின்றனர். அப்போது எழும் குரலில் சினம் இருக்கும். பயன் குறைவாக இருக்கும்.

அடுத்தது கணக்கு. இதற்கு இலக்கணம் கற்க நாம் வேறு தேசம் போக வேண்டியதில்லை. நம் முத்துக்குளித்துறையே ஆசான். முத்துச் சலாபம் நடந்த காலத்தில் எவரும் கண்ணை மூடிக்கொண்டு சலாபத்தை அறிவித்ததில்லை. முதலில் கடலடியில் உள்ள பார்களைச் சென்று பார்வையிடுவர். மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து எண்ணுவர்; அவற்றின் வயதை மதிப்பிடுவர்; உள்ளிருக்கும் முத்துக்களை விலை மதிப்பர். சிப்பி முதிரவில்லை என்றால் அவ்வாண்டு சலாபம் இல்லை. 1955 முதல் 1961 வரை இக்கரையில் நடந்த இறுதிச் சலாபங்கள் வரை இவ்வாறு பார்த்து அறியும் முறை இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கடலடியை அளந்து பார்த்தே தொழிலைத் தொடங்கியவர்களின் ஊரில், கண்ணெதிரே இருக்கும் சந்தையை எண்ணிப் பார்க்காமல் இடிக்கலாமா?

இந்த எண்ணிக்கையை ஊராரே எடுக்கலாம். பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த கணிதப் பாடமும் சமூகப் பாடமும் இல்லை. ஒரு சாதாரண நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பண்டிகைக்கு முந்திய நாள் ஆகிய மூன்றைத் தேர்ந்துகொள்க. ஒவ்வொரு வாயிலிலும் இருவர் இருக்கட்டும். விடியற்காலை 5 மணி முதல் இரவு 8 மணி வரை, மணிக்கு மணி, எத்தனை பேர் நடந்து வந்தார்கள், எத்தனை பேர் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்தார்கள், எத்தனை பேர் முதியவர்கள், எத்தனை பேர் கைக்குழந்தையோடு வந்தவர்கள் என்று கோடிட்டுக் குறிக்கட்டும். மற்றொரு குழு வெளியே அமர்ந்து விற்பவர்களைக் கணக்கிடட்டும்: எத்தனை பேர், என்ன பொருள், எத்தனை ஆண்டுகளாக. ஒரு தாளில் சந்தையின் படத்தை வரைந்து, வெயில் எங்கே விழுகிறது, மழைநீர் எங்கே தேங்குகிறது, சுமைவண்டி எங்கே நிற்கிறது என்று குறிக்கட்டும். நடந்து வருபவர்களே மிகுதி என்று அந்தக் கணக்கு காட்டினால், தரைத்தளம் முழுவதையும் கார் நிறுத்த ஒதுக்குவதில் பொருள் இல்லை என்பதை எந்தப் பொறியாளரும் ஒப்புக்கொள்வார். வெறும் மனுவுக்கு இல்லாத மதிப்பு எண்ணுக்கு உண்டு.

கணக்கு கையில் வந்தபின், கேட்க வேண்டியவற்றைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். நூறு கோரிக்கை உள்ள மனுவை எவரும் படிக்கமாட்டார். என் மதிப்பில் ஐந்து போதும்.

ஒன்று, இடைக்கால இடம். கட்டடம் எழும் வரை வணிகர் எங்கே இருப்பர்? அந்த இடம் பழைய வாடிக்கையாளர் நடந்து வரும் தொலைவில் இருக்க வேண்டும். வாடிக்கை ஒருமுறை கலைந்துவிட்டால் மீண்டும் சேர்வது அரிது.

இரண்டு, திரும்பி வரும் உரிமை. இடிப்பதற்கு முன்பே, இப்போது உள்ளோரின் பெயர்ப்பட்டியல் எழுத்தில் வெளியிடப்பட வேண்டும். புதிய வாடகை எவ்வாறு கணக்கிடப்படும் என்பதும் சொல்லப்பட வேண்டும். வாய்மொழி உறுதி, அதிகாரி மாறும்போது உடன் மாறிவிடும்.

மூன்று, தரைத்தளம். மீனும் காய்கறியும் கீரையும் தரைத்தளத்திலேயே இருத்தல் வேண்டும். கூடையைத் தலையில் சுமந்து மாடிப்படி ஏறுபவர் இல்லை. முழங்கால் வலியுள்ள மூதாட்டி ஏறி வாங்கப் போவதும் இல்லை. மாடிக்குத் துணிக்கடையும் பாத்திரக்கடையும் போகலாம்.

நான்கு, நீர். இது நம் ஊருக்கே உரிய கவலை. தூத்துக்குடி தாழ்ந்த, சமதளமான நிலம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையைத் தென்மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நம் நகரத் தெருக்களில் பல நாட்கள் நீர் வடியவில்லை. புதிய கட்டடத்தின் தரைமட்டத்தை மட்டும் உயர்த்திக்கொண்டால், அதன் நீர் அண்டை வீட்டுத் திண்ணையில் ஏறும். ஆதலால் கட்டடத்தின் உயரத்தோடு தெருவின் வடிகாலும் சேர்ந்தே திட்டமிடப்பட வேண்டும். இதைச் சுற்றுப்புறத்தார் கேட்காவிட்டால் வேறு எவரும் கேட்கமாட்டார்.

ஐந்து, பராமரிப்பு. கழிப்பிடம், குடிநீர், குப்பை அகற்றுதல், நிழல் ஆகியவற்றை யார் பார்த்துக்கொள்வது? திறப்பு விழா நாளில் எல்லாம் பளபளக்கும். மூன்றாம் ஆண்டில் குழாயில் நீர் வருகிறதா என்பதே கேள்வி. வணிகரும் குடியிருப்போரும் அடங்கிய ஒரு சிறு குழு மாதந்தோறும் கூடிப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும்.

இவற்றைச் சொல்வதற்குச் சட்டம் திறந்துவைத்திருக்கும் வாயில்கள் பல. 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வணிகர் சட்டப்படி ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு அமைய வேண்டும். அதில் நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாமல் தெருவோர வணிகரின் பிரதிநிதிகளே இருக்க வேண்டும். அப்பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடியும் முன் எவரையும் அப்புறப்படுத்தலாகாது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெருவோர வணிகம் நடந்துவரும் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்கவும் அச்சட்டம் கூறுகிறது. கீரைக்கூடைக்காரியைச் சட்டம் மறந்துவிடவில்லை, நாம்தான் மறந்திருக்கிறோம்.

நம் மாநில நகரங்களில் 2022-ஆம் ஆண்டு முதல் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் ஏற்பட்டுள்ளன. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் முதற்கூட்டங்கள் நடந்தன. கிராம சபையைப் போல, நகரத்துத் தெருக்காரர் தம் உறுப்பினர் முன்னிலையில் பேசும் இடம் இது. நம் மாநகராட்சியில் 60 வார்டுகள் உண்டு. சந்தையைப் பற்றிய பேச்சு, அச்சந்தை உள்ள வார்டின் சபையிலே தொடங்கிக் குறிப்பேட்டில் ஏற வேண்டும். திட்டத்தின் படமும் மதிப்பீடும் தெரியவில்லையா? 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம். முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டும். மறியலுக்கு முன் இவ்வாயில்களைத் தட்டிப் பார்ப்பது குடிமக்களின் கடமை.

இதுகாறும் நான் சொன்னது மாநகராட்சிக்குச் சொந்தமான இடங்களைப் பற்றி. தனியார் மனையில் உள்ள மளிகைக் கடையின் நிலை வேறு. உரிமையாளர் விற்பதைத் தடுக்க அண்டை வீட்டாருக்கு உரிமை இல்லை, இருக்கவும் கூடாது. ஆயினும் அங்கேயும் சொல்லுக்கு இடம் உண்டு. புதிதாகக் கட்டுபவரிடம் நான்கு பெரியவர்கள் சென்று, "கீழே ஒரு கடை வைத்துக் கட்டுங்கள்; இத்தனை குடும்பங்கள் நாள்தோறும் இங்கே வாங்குகிறோம், இதோ கணக்கு" என்று காட்டினால், அது அவருக்கும் ஆதாயமான செய்தி. வாடிக்கை உறுதியான இடத்தில் கடை காலியாக இராது. அதுவும் கூடாவிட்டால், சேர்ந்து கடை வைப்பது ஒரு வழி. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 28 பேர் தங்கள் சிறு சேமிப்பைத் திரட்டி, மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் விற்கும் கடை ஒன்றைத் தொடங்கினர். நம் சென்னை திருவல்லிக்கேணியில் 1904-ஆம் ஆண்டிலேயே குடியிருப்போர் கூட்டுறவுப் பண்டகசாலை கண்டனர். நம் நாட்டின் நுகர்வோர் கூட்டுறவுக்கு அது முன்னோடி. கடையை இழந்த தெரு, கடைக்கு உடைமையாளராகவும் ஆகலாம்.

மூன்றாவது நிபந்தனை ஒன்று எஞ்சியிருக்கிறது: எல்லாருக்காகவும் பேசுதல். இதுவே மூன்றிலும் கடினமானது. அக்கம்பக்கம் என்பது ஒரே மனம் உடையதன்று. மாடி வீட்டுக்காரர் மீன் நாற்றம் போனால் போதும் என்பார். காருள்ளவர் நிறுத்த இடம் கேட்பார். உள்கடைக்காரர், வெளியே சாக்கு விரித்தவர்கள் ஒழிந்தால் தம் வணிகம் பெருகும் என்று எண்ணுவார். வாடகைக்குக் குடியிருப்பவர், இது நமக்கென்ன என்று ஒதுங்குவார். இவர்களுட் சத்தமாகப் பேசுபவர் இருவர் சேர்ந்து மனு எழுதிவிட்டு, அதையே மக்கள் குரல் என்று கொடுத்தால், அது சர்க்காரின் வரைபடத்தைவிட நேர்மையானது ஆகாது. குடியிருப்போர் சங்கம் என்ற பெயரால் ஏழை வணிகரை விரட்டிய ஊர்களும் உண்டு. எனவே கூட்டம் போடும்போது, கடை மூடும் நேரம் பார்த்து, சந்தைக்குள்ளேயே போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் மனுவை வாசித்துக் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். பெண்கள் பேசும்வரை காத்திருக்க வேண்டும். வேறுபாடு தீராவிட்டால் அந்த வேறுபாட்டையும் மனுவிலே எழுத வேண்டும். மறைத்த வேறுபாடு பின்னர் வழக்காகத் திரும்பி வரும்.

இவ்வூருக்கு அப்படி ஒன்றுபட்டு நிற்கும் மரபு இல்லாமல் இல்லை. 1906-இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது வணிகரும் பொதுமக்களும் பங்கு வாங்கினர். 1908-இல் கோரல் மில் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது நகரத்தார் அவர்களுக்குத் துணை நின்றனர், கூலி உயர்ந்தது. அன்று ஆலைக்குள் வேலை செய்யாத மக்களும் ஆலைத் தொழிலாளரின் நலத்தைத் தம் நலமாகக் கருதினர். சந்தைச் சுவரோரத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணின் இடத்தைப் பற்றி, அவளிடம் வாங்கும் நாம் கவலைப்படுவது அந்த மரபின் தொடர்ச்சியே ஆகும்.

அரசாங்கத்துக்கும் மாநகராட்சிக்கும் ஒரு சொல் சொல்லி முடிக்கிறேன். மக்களைக் கேட்டால் காலதாமதம் ஆகும் என்று அலுவலர் அஞ்சுவது இயல்பு. ஆனால் கேளாமல் கட்டி, பின்னர் ஆளின்றிக் கிடக்கும் வளாகம் விளைவிக்கும் தாமதம் ஆண்டுக்கணக்கானது. மூன்று மாதம் கேட்டறிந்து முப்பது ஆண்டு நிலைக்கக் கட்டுவது சிக்கனமே. வரைபடத்தை அலுவலகப் பேழையில் வைக்காமல், சந்தையின் வாயிலில், தமிழில், பெரிதாக வரைந்து மாட்டிவையுங்கள். காய்கறிக் கூடையோடு நிற்கும் ஒருத்தி அதை உற்றுப் பார்த்து, "ஐயா, இந்த வாசல் மேற்கே பார்த்திருக்கிறதே, சாயங்கால வெயில் முழுவதும் கீரையில் விழுமே" என்று சொல்வாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவ்வரைபடத்தை அங்கே மாட்டலாம்.